பள்ளிக்கூடக் கேட்டில் நின்ற காளி

புதிதாகத் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே! உங்கள் மேசையில் 'பள்ளிப் பாதுகாப்புக் கொள்கை' என்று ஒரு தடித்த கோப்பு இருக்கும். சலித்துக்கொள்ளாமல் படியுங்கள். தீயணைப்பானை எங்கே மாட்டுவது, படிக்கட்டில் பிள்ளைகளை எப்படி இறக்குவது, அந்நியர் வந்தால் யாரிடம் சொல்வது என்று எல்லாம் அதில் இருக்கிறது. காளி வேஷத்தில் ஒரு தகப்பனார் வந்து பிள்ளையைக் கேட்டால் என்ன செய்வது என்பது மட்டும் இருக்காது. அந்தக் கோப்பை எழுதியவர்கள் தசரா மாதத்தில் தூத்துக்குடிப் பக்கம் பள்ளிக்கூடம் நடத்தியிருக்க மாட்டார்கள். நான் நடத்தியிருக்கிறேன். அதனால் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெற்றது கடலோரத்தில், மாதா கோயிலை ஒட்டி இருந்த ஒரு தொடக்கப் பள்ளியில். பாதிப் பிள்ளைகள் படகுக்காரர் வீட்டுப் பிள்ளைகள். மீதிப் பேர் பஜாரில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமார் வீட்டுப் பிள்ளைகள். காலை ஜெபத்தின்போது ஜெபமாலை போட்ட கழுத்தும் திருநீறு பூசிய நெற்றியும் ஒரே வரிசையில் நிற்கும். மாதா திருவிழாவில் சப்பரத்துக்கு ஜெனரேட்டர் கொடுப்பவர் ஓர் இந்து அண்ணாச்சி. தசராக் குழு எங்கள் தெரு வழியாக வரும்போது மோர் கொடுப்பது எங்கள் பெண்கள் சபை. இப்படியே நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அதில் நான்தான் ஒரு கேட்டைப் போட்டேன். காரணம் இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் ஒரு தாய்மாமன், தங்கை பிள்ளை மேல் பாசம் பொங்கி, யாரிடமும் சொல்லாமல் அவனைப் பரோட்டா சாப்பிடக் கூட்டிப் போய்விட்டான். மாமனும் மருமகனும் கடையில் சால்னா ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, இங்கே அந்தப் பிள்ளையின் அம்மா தலைவிரிகோலமாகக் கடற்கரை முழுக்க ஓடிக்கொண்டிருந்தாள். அவள் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதன்பிறகுதான் அட்டை முறை கொண்டுவந்தோம். பிள்ளையை அழைத்துப்போகிறவரின் படம் ஒட்டிய அட்டை. அட்டையும் முகமும் ஒத்துப்போனால்தான் பிள்ளை வெளியே போகும்.

பெற்றோர் கூட்டத்தில் இதை அறிவித்தபோது ஒரே சலசலப்பு. "எங்களத் தெரியாதா டீச்சர் ஒங்களுக்கு?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எனக்கும் கொஞ்சம் வீராப்பு வந்துவிட்டது. மைக்கைப் பிடித்து, "கடவுளே நேரில் வந்தாலும் அட்டை இல்லாமல் பிள்ளையை அனுப்ப மாட்டோம்" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த தாளாளர் சாமி, எங்கள் பங்குத் தந்தை, என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் தொழிலே கடவுள் சம்பந்தப்பட்டது அல்லவா.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். மைக் கையில் இருக்கும்போது கடவுளை வம்புக்கு இழுக்காதீர்கள். அவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்.

காலாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த வாரம். குலசேகரன்பட்டினம் தசராவுக்குக் கொடி ஏறியாகிவிட்டது. வெளியூரிலிருந்து வந்திருக்கும் தங்கைகளுக்காக ஒரு வார்த்தை: நேர்ந்துகொண்டவர்கள் விரதம் இருந்து, காளி, குறத்தி, குரங்கு, பிச்சைக்காரர் என்று வேஷம் கட்டி, மேளத்தோடு ஊர் ஊராகப் போய் அம்மனுக்குக் காணிக்கை பிரிப்பார்கள். காளி வேஷம் கட்டியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அன்றைக்கு அவர் ஆள் இல்லை, அம்மாள்.

நான் அலுவலகத்தில் விடைத்தாள் கட்டுகளோடு மல்லாடிக்கொண்டிருந்தேன். கேட்டில் மேளச்சத்தம் கேட்டது. வாட்ச்மேன் சூசை அண்ணாச்சி மூச்சு வாங்க வந்து நின்றார். துறைமுகத்தில் கேட்டுக் காவல் பார்த்து ஓய்வு பெற்றவர். கண்டிப்பான ஆள்.

"டீச்சர், வெளிய அம்மா வந்திருக்காங்க."

"எந்தப் பிள்ளையோட அம்மா?"

"அந்த அம்மா இல்ல டீச்சர். காளியம்மா."

எழுந்து போய்ப் பார்த்தேன். கேட்டுக் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் கரிய முகம், வெளியே தொங்கும் சிவப்பு நாக்கு, தலையில் பெரிய கிரீடம், முதுகுக்குப் பின்னால் அட்டையில் செய்த கைகள். சுற்றிலும் குழுவினர். அவர்களைச் சுற்றி வேடிக்கை பார்க்கும் கூட்டம்.

காளி நாக்கை வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். "டீச்சர், நான்தான் முருகேசன். பலசரக்குக் கடை. நம்ம இசக்கிப்பிரியாவோட அப்பா. பிள்ளையோட அம்மா குழாயடில வழுக்கி விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா. ஆஸ்பத்திரில மாவுக்கட்டு போடணும்னு சொல்லுதாங்க. மத்தியானம் பிள்ளையக் கூட்டிட்டுப் போக ஆளில்ல. அதான் நான் வந்தேன்."

முருகேசன் அண்ணாச்சி கடையில்தான் வருஷக்கணக்காகத் துவரம்பருப்பு வாங்குகிறேன். ஆனால் இது அவர் குரல் இல்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், தகரத்தைத் தரையில் இழுத்தது போல இருந்தது. முகமோ கரிய பூச்சுக்குள்ளே எங்கேயோ இருந்தது. இரண்டாம் வகுப்பு இசக்கிப்பிரியாவை அழைத்துப்போவது எப்போதும் அவள் அம்மாதான். அண்ணாச்சி பள்ளிக்கு வந்ததே இல்லை.

"அட்டை இருக்கா?" என்று கேட்டேன்.

"வீட்டுல கெடக்கு. வீட்டுச் சாவி அவகிட்ட இருக்கு. அவ எக்ஸ்ரே ரூம்ல இருக்கா. நான் என்ன செய்ய, சொல்லுங்க?"

சரி, கொள்கையில் அடுத்த வழி இருக்கிறதே. பதிவு செய்த எண்ணுக்குத் தொலைபேசியில் பேசி உறுதிசெய்ய வேண்டும். இசக்கிப்பிரியாவின் அம்மா எண்ணைப் போட்டேன். மணி அடித்தது. எனக்கு எதிரிலேயே அடித்தது. காளி இடுப்பில் சொருகியிருந்த போனை எடுத்துக் காதில் வைத்து, "ஹலோ" என்றார். பிறகு கம்பி வழியாக என்னைப் பார்த்து, "நீங்கதானா டீச்சர்? எக்ஸ்ரேக்குப் போகும்போது என் கையில குடுத்துட்டுப் போனா" என்றார்.

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்திருப்பேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. போன் யார் கையில் இருக்கிறது என்று போனுக்குத் தெரியாது. இத்தனை நாள் இதையா பாதுகாப்பு என்று நம்பிக்கொண்டிருந்தேன்?

சிரிப்பு சீக்கிரம் அடங்கியது. வெயில் ஏறிவிட்டது. கூட்டத்தில் ஓர் அம்மா, "விரதம் இருக்க அம்மாள இப்படி வெயில்ல நிறுத்திட்டாங்களே" என்றார். ஒரு பையன் போனை உயர்த்திப் படம் பிடிக்க ஆரம்பித்தான். "பாருங்க மக்களே, வேதக்காரப் பள்ளிக்கூடத்துல காளியம்மாளுக்கு அனுமதி இல்லையாம்" என்று அவன் சொன்னது எனக்கே கேட்டது. பின்னாலிருந்து யாரோ, "டீச்சர்தான் கடவுளே வந்தாலும் விடமாட்டேன்னு மைக்ல சொன்னாங்களே" என்று எடுத்துக் கொடுத்தார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

தாளாளர் சாமியிடமிருந்து போன். சத்தத்துக்கு ஒதுங்கிப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று பேசினேன். அதற்குள் யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். "டீச்சர், கேட்டைத் திறந்து பிள்ளையை அனுப்பிவிடுங்கள். வீடியோ ஊரைச் சுற்றிவிட்டால் அப்புறம் நான் எந்தக் கடையிலும் உப்பு வாங்க முடியாது."

"கொஞ்ச நேரம் கொடுங்கள் சாமி" என்றேன்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். திறந்தால், முகத்தில் மை பூசிக்கொண்டு வருகிற எவரும் இனி எந்தப் பிள்ளையையும் கூட்டிப்போகலாம். திறக்காவிட்டால், மத்தியானத்துக்குள் இது சாதி, மதச் சண்டையாகிவிடும். அதற்கும் மேலாக, அந்த மனிதர் சொல்வதில் பெரும்பாலும் உண்மை இருந்தது. கால் உடைந்த மனைவி ஆஸ்பத்திரியில். பசித்த வயிறு. தலையில் கனத்த கிரீடம். நான் அவரைக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கவைத்துக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தேன்.

பிள்ளையை அழைத்து வரச் சொல்வோம் என்று திரும்பினேன். அதற்குள் பிள்ளையே வந்துகொண்டிருந்தாள். ஒரு போலீஸ்காரர் அவள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். அப்பாடா என்றிருந்தது. யாரோ ஸ்டேஷனுக்குச் சொல்லியிருக்கிறார்கள், இரண்டாம் வகுப்பு ஜெசிந்தா டீச்சர் பிள்ளையை அவரோடு அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன்.

"நல்ல நேரத்தில் வந்தீர்கள் சார். கூட்டத்தைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள்" என்றேன்.

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு லத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டு சின்னக் கேட் வழியாக வெளியே போய், "ஏலே, தள்ளி நில்லுங்கலே! போனை உள்ள வை, மூதி! பொம்பளையாளுகளுக்கு வழி விடு!" என்று ஒரு அதட்டு அதட்டினார். கூட்டம் பின்வாங்கியது. படம் பிடித்த பையன் போனைப் பைக்குள் போட்டான். எவ்வளவு பயிற்சி பெற்ற அதிகாரி என்று வியந்தேன்.

இசக்கிப்பிரியா தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். "டீச்சர், பென்சில நான் எடுக்கல. ரெபெக்காதான் எடுத்தா. போலீஸ்கிட்ட சொல்லுங்க டீச்சர்."

மண்டிபோட்டு உட்கார்ந்து அவள் கண்ணைத் துடைத்தேன். பென்சில் வழக்கைத் தள்ளுபடி செய்தேன். பிறகுதான் ஒரு யோசனை வந்தது. "பிரியா, வீட்டில் அப்பாவை எப்படிக் கூப்பிடுவாய்? அப்பா, டாடி எல்லாம் வேண்டாம். உனக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரிந்த பெயர் ஏதாவது இருக்கிறதா?"

அவள் அழுகையை நிறுத்தி, யோசித்து, என் காதில் ஒரு வார்த்தை சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

நான் எழுந்து, கேட்டுக்கு அப்பால் நிற்கும் காளியைப் பார்த்து, 'உங்கள் மகள் உங்களை எப்படிக் கூப்பிடுவாள்?' என்று உரக்கக் கேட்க வாயைத் திறந்துவிட்டேன். வாயை மூடவைத்தது அந்த வார்த்தைதான். அதை அவர் எப்படி இத்தனை பேர் முன்னால் சொல்வார்? காலையிலிருந்து அவர் காலில் விழுந்து கும்பிட்டவர்கள் அங்கே நிற்கிறார்கள். ஒரு தகப்பனாக அவர் பதில் சொல்லிவிடுவார். ஆனால் அம்மாளாக நிற்பவரை நான் அப்படிச் சிறுமைப்படுத்தினால், அந்தத் தெருவில் யாரும் என்னை மன்னிக்க மாட்டார்கள். மன்னிக்கவும் கூடாது.

சின்னக் கேட்டைத் திறந்து நான் வெளியே போனேன். சூசை அண்ணாச்சியிடம் என் பின்னால் கேட்டைப் பூட்டச் சொன்னேன். காளிக்கு முன்னால் போனதும் செருப்பைக் கழற்றினேன். யோசித்துச் செய்யவில்லை. எல்லாரும் வெறுங்காலோடு நின்றார்கள், என் காலும் அப்படியே செய்தது. மேளக்காரர் கையை நிறுத்தினார்.

"அண்ணாச்சி, பிள்ளை உங்களைச் செல்லமாக என்ன சொல்லிக் கூப்பிடுவாள்? என் காதில் மட்டும் சொன்னால் போதும்."

கரிய பூச்சுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் திகைத்துப் பார்த்தன. "அதையா டீச்சர்? விரதத்துல இருக்கேனே."

"என்னோடு போய்விடும்."

அவர் குனிந்தார். கிரீடம் என் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது. காளி என் காதில் அந்த வார்த்தையைச் சொன்னார். பிள்ளை சொன்ன அதே வார்த்தை. முன்னால் ஓர் அடைமொழியும் சேர்த்துச் சொன்னார். அதைப் பிள்ளை நாகரிகம் கருதி விட்டுவிட்டாள் போலும்.

என்ன வார்த்தை என்று இன்றைக்கும் பலர் கேட்கிறார்கள். நான் இன்னும் அந்தக் கடையில்தான் பருப்பு வாங்குகிறேன். சொல்ல மாட்டேன்.

"இவர் இசக்கிப்பிரியாவின் அப்பாதான்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். மேளம் வெடித்தது. கேட் திறந்தது. பிள்ளை ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்தாள். பிடித்தது அட்டைக் கை. அது கழன்று அவளோடு வந்துவிட்டது. காளியும் மகளும் ஆட்டோவில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆட்டோ வளைவில் திரும்பும் வரைக்கும் அவள் அந்தக் கையாலேயே எங்களுக்கு டாட்டா காட்டினாள். என்னைத் திட்டிய அந்த அம்மா கிட்டே வந்து, "கோவிச்சுக்காதீங்க டீச்சர். நம்ம பிள்ளையளுக்குத்தான் பாக்கீங்க" என்றார்.

வெற்றிக்களிப்பில் மிதந்துகொண்டிருந்தேன். இந்தக் கதை இங்கேயே முடிந்திருந்தால், நான் இதை ஒரு சாதனையாக எல்லாக் கூட்டத்திலும் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன்.

போலீஸ்காரரிடம் போய், "ரொம்ப நன்றி சார். எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டேன்.

அவர் சட்டைக்குள்ளிருந்து ஒரு பித்தளைத் தட்டை எடுத்து நீட்டினார். தட்டில் குங்குமம். "அம்மனுக்குக் காணிக்கை போடுங்க டீச்சர்" என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். லத்தி, வர்ணம் அடித்த கம்பு. தோளில் மின்னிய நட்சத்திரம் ஜிகினாத் தாள். முருகேசன் அண்ணாச்சியின் நண்பர், பெயர் செல்வம், பைக் மெக்கானிக். அவருக்கும் தசரா நேர்ச்சை. அவர் வேஷம் போலீஸ்.

"நீங்கள் எப்படி உள்ளே போனீர்கள்?"

"நீங்க ஒதுங்கி போன் பேசும்போது அண்ணாச்சி கேட்டைத் தெறந்து சல்யூட் அடிச்சாரு. நானும் அடிச்சேன்" என்றார் செல்வம், பாவமாக. "ரெண்டாங்கிளாஸ் எங்கன இருக்குன்னு கேட்டேன். அவரே கையக் காட்டுனாரு. முருகேசன் தவிக்கானேன்னு பிள்ளையக் கூட்டியாந்தேன். தப்பா டீச்சர்?"

சூசை அண்ணாச்சி தலையைத் தொங்கப்போட்டார். ஜெசிந்தா டீச்சரைக் கேட்டேன். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன பெண். அவள் சொன்னாள்: "போலீஸ்கிட்ட அட்டை கேக்கணும்னு நம்ம கொள்கையில இல்லையே டீச்சர்."

உண்மைதான். இல்லை. யாரைத் திட்டுவது? அதே காக்கியிடம் கூட்டத்தை ஒழுங்குபடுத்தச் சொன்னவள் நான். பெற்ற தகப்பனை வெயிலில் நிற்கவைத்து நாங்கள் சத்தியம் வாங்கிக்கொண்டிருந்தபோது, யாரென்றே தெரியாத ஒருவர் வகுப்பறை வரை நடந்துபோய் ஒரு பெண்பிள்ளையைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். அவர் நல்ல மனிதராக இருந்தது எங்கள் திறமை இல்லை. தம்பிகளே, தங்கைகளே, பயமுறுத்துகிற முகத்தை யாரும் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். பார்த்ததும் நமக்கு நிம்மதி தருகிற முகம் வரும்போதுதான் நீங்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

காணிக்கை போட்டேன். நெற்றியில் குங்குமம் வைக்க வந்த செல்வத்திடம், "தசரா முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்" என்றேன்.

வந்தார், கேஸ் போடப்போகிறேன் என்று பயந்துகொண்டே. நான் கேட்டது வேறு. "அவ்வப்போது வேஷம் கட்டி வந்து எங்கள் கேட்டைச் சோதித்துப் பார்க்க முடியுமா?" என்றேன். மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "தசரா ஒரு தடவதானே வருதுன்னு எனக்குக் கொறையா இருந்துச்சு டீச்சர்" என்றார்.

மின்வாரிய ஆளாக வந்தார். சூசை அண்ணாச்சி மடக்கிவிட்டார். தடுப்பூசி டாக்டராக வந்தார். மாட்டிக்கொண்டார். பிறகு தாளாளர் சாமியிடமே அனுமதி வாங்கி, நாடகப் பெட்டியிலிருந்த பாதிரியார் அங்கியைக் கொடுத்து அனுப்பினேன். சூசை அண்ணாச்சி, "தோத்திரம் சாமி" என்று சொல்லி, கேட்டை அகலத் திறந்து, ஆசீர்வாதத்துக்குத் தலையையும் குனிந்தார். செல்வமும் தாராளமாக ஆசீர்வதித்துவிட்டு உள்ளே போனார். உண்மை தெரிந்தபோது சூசை அண்ணாச்சிக்கு வந்த கோபம் இருக்கிறதே! "இனிமே எவன் வந்தாலும் பாக்கேன்" என்று கருவினார்.

சில மாதங்களில் எங்கள் சாமிக்கு மாற்றல் வந்தது. புதிய சாமி பொறுப்பேற்ற அன்று சூசை அண்ணாச்சி விடுப்பில் இருந்தார். மறுநாள் காலை என் போன் அடித்தது.

"டீச்சர், நான் தாளாளர் பேசுகிறேன். என் பள்ளிக்கூடத்துக்குள் என்னை விட மாட்டேன் என்கிறார்."

ஓடினேன். கேட்டுக்கு வெளியே வெள்ளை அங்கியில் புதிய சாமி, வியர்க்க விறுவிறுக்க நின்றார். உள்ளே சூசை அண்ணாச்சி, பூட்டைப் பிடித்தபடி. "டீச்சர், இவங்க புதுச் சாமின்னு சொல்லுதாங்க. அங்கியக் காட்டுதாங்க. அங்கி நான் பாக்காததா?"

'ஐயோ, திறங்கள்' என்று என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எனக்குச் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறவர் அவர். ஆனால் நான் இப்போது திறக்கச் சொன்னால், அந்தக் கேட்டில் இனி ஒருவரும் பெரிய மனிதர் எவரையும் நிறுத்த மாட்டார்கள். கம்பி வழியாகக் கும்பிட்டு, "சாமி, அடையாள அட்டை ஏதாவது கையில் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

அவர் அங்கிக்குள் கையை விட்டுத் துழாவி ஓட்டுநர் உரிமத்தை எடுத்து நீட்டினார். சூசை அண்ணாச்சி அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார். சாமியின் தலையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். படத்தில் சுருள் சுருளாக அடர்ந்த முடி. எதிரில் வெயிலில் பளபளத்தது வழுக்கை.

"முடி ஒத்து வரலியே டீச்சர்."

சாமிக்கு முகம் சிவந்தது. "அது இருந்த காலத்தில் எடுத்த படம்லே அது!" என்று கத்தினார். கத்திவிட்டு, அவரையும் அறியாமல் தலையைத் தடவிக்கொண்டார். அந்தத் தடவலைப் பார்த்ததும் சூசை அண்ணாச்சி கேட்டைத் திறந்துவிட்டார். அப்படித் தடவுவது வேஷத்தில் வராது என்று பிறகு என்னிடம் சொன்னார். அவருக்கும் வழுக்கைதான்.